நிறுத்தி வைத்த வண்டி எண்பதில் போகிறது

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கரண்ட்டை ரிப்பேர் செய்வதால், சரியாகிவிட்டதா இல்லையா என்பது வண்டிக்காரருக்கு உடனே தெரியாது. அதிலேயே ஓர் அவஸ்தையும் உண்டு, நமக்கும் தெரியாது.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு சந்தின் முனையில் என் கடை. ஷட்டர் இருக்கிறது, போர்டு இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் மட்டும் இல்லை. வேலையெல்லாம் ரோட்டில்தான். டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, செருப்புக் காலை ரோட்டில் நீட்டியபடியே பாதி ஆயுசு போய்விட்டது. இந்தப் பக்கத்துக்காரர்கள் பலருக்கு என் முகத்தைவிட என் கால்தான் பழக்கம். முகத்தோடு எதிரே போனால் யாரோ என்று போய்விடுவார்கள்.

இந்தத் தொழிலில் சிக்கி முழிப்பவர்களும், என்னைப் போன்றவர்களிடம் வண்டியை விட்டுவிட்டு முழிப்பவர்களும் எனக்கு ஒரே குடும்பம்தான். நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, ஒரே ஒரு வண்டியிடம் நான் பட்ட பாட்டைக் கேட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நின்றால்தான் ஓடும்

முனிராஜ் அத்திபெலேக்காரர். சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வைத்து எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு ஓட்டுகிறார். ஆட்களை வீட்டு வாசலில் ஏற்றி கம்பெனியில் விடுவார், ஷிஃப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவார். மேம்பாலத்தில் பஸ், லாரி, காய்கறி டெம்போ எல்லாம் அவரைத் தாண்டிப் போகும். அவர் பாட்டுக்கு இடது ஓரமாக மாப்பிள்ளை ஊர்வலம் போல வருவார். கம்பெனிப் பிள்ளைகள் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை, உள்ளூரப் பெருமைகூட.

அந்த முனிராஜ் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்து, கூச்சப்பட்டுக்கொண்டே, தன் வண்டி ஓவர் ஸ்பீடு போகிறது என்றார். எந்த ரோட்டில் என்று கேட்டேன். பார்க்கிங்கில் என்றார். கம்பெனி பேஸ்மென்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, ஆட்கள் வரும்வரை சாவியை ஆனில் வைத்துப் பாட்டுக் கேட்பாராம். அப்போது ஸ்பீடோமீட்டர் முள் தானாக எழுந்து நாற்பதுக்குப் போகும், விழும், மறுபடி எழுந்து எண்பதுக்குப் போகும். எண்பதைத் தொட்டதும் வேக எச்சரிக்கை பீப் பீப் என்று கத்தும். இருபதைத் தாண்டினாலே கதவு தானாகப் பூட்டிக்கொள்கிற வண்டி அது. ஒரு நாள் டீ வாங்க இறங்கியவரை வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டதாம்.

அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அவர் வண்டியில் கம்பெனி ஒரு டிராக்கர் மாட்டியிருக்கிறது. மீட்டருக்கு வருகிற வேகத்தையே அதுவும் எடுத்து ஆபீசுக்கு அனுப்பும். அங்கே முனிராஜ் பெயருக்கு எதிரே ஓவர் ஸ்பீடு, ஓவர் ஸ்பீடு என்று சிவப்பாக விழுந்துகொண்டே இருந்தது. வருகிற திங்கட்கிழமை ரிவியூ. அதற்குள் இது நிற்காவிட்டால் வண்டியை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவர் என்று பேர் வாங்கிவிட்டால் அக்கம்பக்கத்து கம்பெனிகளிலும் சேர்க்க மாட்டார்கள். வண்டி நின்றால் அவர் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

நான் வண்டியில் ஏறி சாவியைத் திருப்பினேன். முள் பூஜ்யத்தில் சாதுவாகப் படுத்திருந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன், ஆக்சிலேட்டரை மிதித்தேன், டேஷ்போர்டைத் தட்டினேன். அசையவில்லை. வெளியே வாங்கிப் போட்ட ஃபிட்டிங் ஏதாவது உண்டா என்று முறைப்படி கேட்டேன். ஆம்ப்ளிஃபயர், ஃபாக் லைட், சீரியல் செட்? கம்பெனி டிராக்கர் தவிர ஒன்றும் இல்லை, மற்றதெல்லாம் வண்டியோடு வந்ததுதான் என்றார். முனிராஜ் பொய் சொல்கிற ஆள் இல்லை, அதனால் அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டேன். அப்போது அவர் சொன்னது:

“ஓட்டும்போது அறுபதைத் தாண்டினவன் இல்லண்ணா நானு. நிறுத்தினப்புறம் எண்பதுல போறேன்னு எழுதறாங்க. இதை வீட்ல என்னன்னு சொல்றது?”

முதல் மருந்து

டாக்டருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் எல்லாம் வைரல் ஃபீவர். எங்களுக்குக் காரணம் தெரியாத கோளாறு எல்லாம் சென்சார். கியர்பாக்ஸ் பக்கத்தில் வேகத்தை அளக்கிற சென்சார் ஒன்று இருக்கும். சக்கரம் சுற்றுவதை எண்ணி மீட்டருக்குச் சொல்வது அதன் வேலை. சுற்றாத சக்கரத்தை எண்ணினால் அது கெட்டுப்போன சென்சார், இதில் என்ன சந்தேகம் என்று முனிராஜிடம் விளக்கினேன். என் ஸ்கேனரையும் மாட்டிப் பார்த்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று அது காட்டியது. ஸ்கேனர் சொல்வதையெல்லாம் நம்பக் கூடாது என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன்.

புது சென்சார் வாங்கி மாட்டி, ரிச்மண்ட் ரோடு வரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். முள் ஒழுங்காக ஏறியது, ஒழுங்காக இறங்கியது. சிக்னலில் நின்றால் பூஜ்யத்தில் நின்றது. பக்கத்துக் கடை ஸ்டீபனைக் கூப்பிட்டு, ஒரு மணி நேர வேலைப்பா, இதைப் போய் மனுஷன் பயந்துகிட்டு இருந்திருக்கார் என்று பெருமையாகச் சொன்னேன். ஸ்டீபன் இன்ஜின் மெக்கானிக். கோலார் தங்கவயலிலிருந்து தினம் ரயிலில் வந்து போகிறவர், நானும் அந்த ஊர்க்காரன்தான். ரயிலில் தூக்கம் கெட்ட எரிச்சலையெல்லாம் என் மேல் காட்ட அவருக்கு ஊர்க்காரன் என்ற உரிமை இருந்தது. அன்று சிரிப்போடு விட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது முனிராஜ் போன் செய்தார். பின்னணியில் பீப் பீப் சத்தம் எனக்கே கேட்டது. குரலில் கோபம் இல்லை. எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதே என்று வார்த்தையைத் தேடிப் பேசினார்:

“பழைய சென்சார் எண்பது காட்டிச்சுண்ணா. புதுசு நல்ல சென்சார்தான், நூத்திப்பத்து காட்டுது.”

எர்த் இல்லை

சென்சார் பொய்த்தால் அடுத்தது எர்த். பேட்டரியின் மைனஸ் ஒயர் பாடியில் சரியாக ஒட்டாவிட்டால் கரண்ட் வழி தெரியாமல் எங்கெங்கோ அலையும், மீட்டர் தாறுமாறாக ஆடும். இது பொய் இல்லை, நிஜமாகவே நடக்கிறதுதான். அதனால்தான் எங்களுக்கு இது அவ்வளவு சௌகரியம். எந்த வண்டியின் எந்த நோய்க்கும் முகத்தைச் சுளித்து “எர்த் இல்ல” என்று சொன்னால் ஆள் அடங்கிவிடுவார்.

மறுநாள் முனிராஜ் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். மீட்டரைக் கழற்றினேன், டேஷ்போர்டைப் பாதி பிரித்தேன். அந்த டேஷ்போர்டின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் தூசி இல்லாமல் பளிச்சென்று இருந்தது. அதில் ஒட்டுகிற டேப்பின் மிச்சம் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றிய ஸ்க்ரூக்களை அதன் மேல் வைத்தால் உருளாமல் நின்றன. எனக்கென்றே யாரோ செய்து வைத்த வசதி என்று நினைத்து ஒவ்வொன்றாக அதில் நட்டு வைத்தேன். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையாகப் பொடி இருந்தது. அதை ஊதிவிட்டேன். இந்த வட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கிடைத்த எர்த் பாயின்ட்டையெல்லாம் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, இறுக்கி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். முள் ஆடவில்லை, அது முன்னேயும் என் எதிரே ஆடியதில்லை. ஆனால் இப்போது இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது, ஹாரன் அடித்தால் உள்ளே லைட் எரிந்தது. எந்த பிளக்கை எதில் சொருகினேன் என்று தெரியாமல் மறுபடியும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று. ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்த என் காலுக்குப் பக்கத்தில் ஸ்டீபன் வந்து நின்று, காலைப் பார்த்தே பேசினார்:

“இன்னா சேகரு, வரும்போது வண்டிக்கு ஒரே நோவுதான் இருந்துச்சு. துணைக்கு ரெண்டு சேத்து அனுப்புறியா?”

நோயாளிக்குப் பக்கத்தில்

தானாக வருகிற கோளாறு தானாக வரும்வரை காத்திருந்து பிடிப்பது என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை முனிராஜுக்கு ஷிஃப்ட் இல்லை. அன்று முழுவதும் வண்டி என்னிடம் இருந்தது. கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியையும் போட்டுக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண் இமைத்தால் அந்த நேரம் பார்த்து ஆடிவிடுமோ என்று இமைக்காமல் பார்த்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைக்கு வந்த இரண்டு பேரை ஸ்டீபன், இங்கே தியானம் நடக்கிறது, அப்புறம் வாங்க என்று திருப்பி அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது.

என் மனைவி விமலா சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டியபோதுதான் விழித்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியவில்லை, வாய் வேறு திறந்திருந்தது. முள் நான் விட்ட இடத்திலேயே இருந்தது. தூங்கும்போது ஆடியிருக்கலாம் என்று சமாளித்துப் பார்த்தேன். அவள் டிபன் கேரியரை சீட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“வீட்ல டிவி முன்னாடி தூங்குறதுதான இங்கயும் தூங்குறீங்க, அதுக்கு எதுக்கு அடுத்தவங்க வண்டி?”

சிஸ்டம் சொன்னால் சரி

வண்டியைச் சரிசெய்ய முடியவில்லை என்றால் சாட்சியாவது சொல்லலாம் என்று, முனிராஜிடம் நம்பர் வாங்கி, கம்பெனி டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்கு நானே போன் செய்தேன். ஷோபா மேடம் என்பவர் எடுத்தார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசினார். அவரிடம் கரண்ட், சிக்னல், சென்சார், எர்த் எல்லாவற்றையும் விளக்கினேன். பேஸ்மென்ட்டில் ஒரு வண்டி எண்பதில் போக முடியுமா, மேடம், தூணில் அல்லவா மோதும் என்று தர்க்கமாகவும் கேட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்படியானால் என்ன காரணம் என்று ஒரு வரியில் சொல்லுங்கள், ரிவியூவில் படித்துவிடுகிறேன் என்றார். எனக்கு ஒரு வரியும் வரவில்லை. தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் கரண்ட் அடித்தபோதுகூட அவ்வளவு கூசியதில்லை. காரணம் இல்லாமல் அந்தச் சிவப்பு அலர்ட்டை எடுத்தால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று ஷோபா மேடம் சொன்னார். அவர் மேலும் தப்பில்லை. போனை வைக்கும் முன் சொன்னார்:

“வண்டி நிக்குதுன்னு எனக்கும் கொத்து சார், தெரியும். ஆனா சிஸ்டம் ஓடுதுன்னு சொல்லும்போது நான் யார் பேச்சைக் கேக்கறது?”

கூப்பிட்டால் ஓடிவிடும்

சனிக்கிழமை மத்தியானம் முனிராஜ் போன் செய்தார். இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது, உடனே வாருங்கள் என்றார். ஸ்டீபன் பைக்கை எடுத்தார், நான் பின்னால் டூல் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேம்பாலத்தில் ஸ்டீபன் ஓட்டிய வேகத்துக்கு அந்த டிராக்கர் எங்கள் மேல் இருந்திருந்தால் அதுவே வெடித்திருக்கும். கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. முனிராஜ் கீழேயிருந்து வந்து, எங்களுக்காகப் பேசி, கூட்டிக்கொண்டு போனார்.

பேஸ்மென்ட்டில் வண்டி அமைதியாக நின்றிருந்தது. செருப்புக் காலோடு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முள் பூஜ்யத்தில். பாட்டுப் போடச் சொன்னேன், முள் பூஜ்யத்தில்தான். இறங்கி நின்று எட்டிப் பார்த்தேன், அப்போதும் அப்படியே. முனிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்தார். இப்போதுதான் தொண்ணூறு போச்சுண்ணா, சத்தியமா என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. திங்கட்கிழமைக்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருந்தது. எனக்குத் தெரிந்த மருந்தெல்லாம் தீர்ந்துவிட்டது. வேறு கடையில் காட்டுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டீபன் முந்திக்கொண்டார்:

“உன்னைப் பாத்தா மட்டுந்தான் அது ஒழுங்கா கீது. பேசாம உன் போட்டோ ஒண்ணு அந்த டேஷ்போர்டுல ஒட்டிட்டு வா சேகரு.”

அங்கே இடம் இல்லை

நான் சிரிக்கவில்லை. முனிராஜும் சிரிக்கவில்லை. அவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டிருக்கிறது. டேஷ்போர்டில் இடம் இல்லையே, அங்கே முருகர் இருக்காரே என்றார்.

எந்த முருகர் என்று கேட்டேன். நாலு நாளாக அந்த டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு முருகரையும் பார்க்கவில்லை. முனிராஜ் வண்டியின் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு துணிப்பை, அதற்குள் வெளுத்த துண்டு. அதைப் பிரித்தால் உள்ளங்கை அளவில் முருகர், மயிலோடு. மயிலின் தோகையில் சின்னச் சின்ன லைட்டுகள். தோகைக்குப் பின்னாலிருந்து ஒரு ஒயர், அதன் நுனியில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகுகிற பிளக்.

வண்டி வாங்கிய அன்று அவர் மனைவி பழனியிலிருந்து கொண்டுவந்து வைத்ததாம். ஓட்டும்போது லைட்டைப் போட மாட்டார், மினுக்மினுக் என்று எரிந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கண் கூசுகிறது என்பார்கள். பார்க்கிங்கில் நிறுத்தியதும் பிளக்கைச் சொருகி, லைட்டைப் போட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் பாட்டு. அப்படியானால் என் கடைக்கு வந்தபோதெல்லாம் இவர் எங்கே இருந்தார் என்று கேட்டேன். டிக்கியில் என்றார். இன்று நாங்கள் வந்தபோது? கேட்டுக்கு வருவதற்கு முன்னால் எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றார். வெளி ஃபிட்டிங் ஏதும் இல்லை என்று சொன்னீர்களே என்று கேட்டேன். சாமி ஃபிட்டிங்கா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நான் ஸ்க்ரூ நட்டு வைத்த வட்டம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஊதிவிட்ட பொடி விபூதி என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஏன் எடுத்து எடுத்து வைத்தீர்கள் என்று கேட்டேன். முனிராஜ் என் காலைப் பார்த்துக்கொண்டு, மரியாதையாகச் சொன்னார்:

“மெக்கானிக் கிட்ட வண்டி போறப்போ சாமியை எடுத்துடுவேண்ணா. நீங்க எல்லாம் செருப்புக் காலோட ஏறுவீங்க இல்ல.”

வெறுங்கால் வைத்தியம்

செருப்பைக் கழற்றி தூணோரம் விட்டேன். பேஸ்மென்ட் தரை குளிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். முனிராஜ் முருகரை அந்த வட்டத்தில் நிறுத்தினார். பிளக்கைச் சொருகினேன். தோகை சிவப்பாக எரிந்து நீலமாக மாறியது. முள் ஒரு முறை சிலிர்த்தது, எழுந்தது, நாற்பதைத் தாண்டியது, எண்பதுக்குப் போனது. பீப் பீப் என்று கத்தியது. நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. வெளியே நின்ற ஸ்டீபன் கண்ணாடியைத் தட்டினார். நான் உள்ளே தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதாக ஞாபகம் இல்லை. இதை விமலா படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பிளக்கை எடுத்தேன், முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. சொருகினேன், தொண்ணூறு. நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு இறங்கி, பிடித்துவிட்டேன் முனிராஜ், இதுதான், இந்த லைட்டுதான் என்று கத்தினேன். அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். மலரவில்லை. இவ்வளவு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழாததற்கு அவர் யாரை நம்பியிருந்தார் என்பதை நான் யோசிக்கவில்லை. கம்பெனியா முருகரா என்று நான் கேட்டுவிட்டது போல் ஆகிவிட்டது. அவர் முருகரை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துக் கேட்டார்:

“அப்போ எங்க முருகர்தான் என் மேல புகார் எழுதி அனுப்பிட்டு இருந்தாருன்னு சொல்றீங்களாண்ணா?”

பிளக்கின் பூர்வீகம்

வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்துப் பேசினேன். முருகர் இத்தனை வருஷமாக இதே இடத்தில்தானே இருந்தார், முள் ஏன் இப்போதுதான் ஆட ஆரம்பித்தது? நடுவில் ஏதாவது மாற்றினீர்களா? முனிராஜ் யோசித்தார். பழைய பிளக் கருகிப்போனதால் சில்க் போர்டு சிக்னலில் ஒருவரிடம் புது பிளக் வாங்கினேன் என்றார். எப்போது என்றால், கிட்டத்தட்ட அலர்ட் வர ஆரம்பித்த சமயம்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து பிளக்கைப் பிரித்தேன். உள்ளே இருக்க வேண்டிய பாதி சாமான் இல்லை. வண்டி கரண்ட்டைக் குறைத்துக் கொடுக்கும்போது அது பக்கத்து ஒயர்களிலெல்லாம் இரைச்சலைக் கிளப்பியிருக்கிறது. அந்த இரைச்சலை மீட்டர் சக்கரம் சுற்றுவதாக எண்ணியிருக்கிறது. முருகர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவருக்குக் கிடைத்த பிளக் சரியில்லை என்று முனிராஜிடம் காட்டினேன். அவர் பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். கடைக்கு வரச்சொல்லி, நல்ல பிளக் ஒன்றில் இரைச்சலை அடக்குகிற கம்பிச் சுருள் ஒன்றையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன். லைட் எரிந்தது, முள் பூஜ்யத்தில் இருந்தது. அந்த வட்டத்தை நானே ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்தேன். ஸ்க்ரூ விஷயத்தை நான் சொல்லவில்லை. ஸ்டீபன் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை நானும் போனேன். ஷோபா மேடம் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி வந்தார். வண்டிக்குள் முருகரைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பழைய பிளக்கைச் சொருகிக் காட்டினேன். எண்பது, பீப், டக். புதியதைச் சொருகிக் காட்டினேன். பூஜ்யம். அவர் முருகரை ஒரு கும்பிடு கும்பிட்டுவிட்டு இறங்கினார். எனக்கு இப்போது ஒரு வரி இருந்தது, சொன்னேன். வெளியே வாங்கிய பிளக்கால் வந்த மின் இரைச்சல். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, அலர்ட்டையெல்லாம் எடுத்துவிடுகிறேன் என்று முனிராஜிடம் சொல்லிவிட்டு மேலே போனார். முனிராஜ் துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நடுநடுவே முகத்தையும். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பேஸ்மென்ட் புகை என்று ஸ்டீபனிடம் பிறகு சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஷோபா மேடமே போன் செய்தார். என் வேலையில் எது மறுபடியும் கெட்டதோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். அவர் சொன்னது:

“முனிராஜ் பேர்ல இப்போ ஒரே கம்ப்ளைன்ட்தான் சார் வருது, ரொம்ப மெதுவா போறார்னு. அந்தப் பழைய பிளக்கை ஸ்வல்ப நாள் திரும்பப் போட்டு வைக்க ஆகுமா?”

இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும் முதலில் கழற்றுவது என் செருப்பைத்தான், டேஷ்போர்டெல்லாம் அதற்கு அப்புறம்.